இந்திராயணிக் கரையில் மெல்ல நடப்போம்

மும்பையிலிருந்து புணே வழியாகச் சென்னைக்கோ நாகர்கோவிலுக்கோ ரயிலில் போய்வருகிற நம் குடும்பங்களுக்குக் கர்ஜத் என்றால் வடாபாவ். லோணாவளா என்றால் சிக்கி, அதாவது நம்ம ஊர்க் கடலை மிட்டாய். இரண்டுக்கும் நடுவே சுரங்கப் பாதைகள் வரும். இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வர, பிள்ளைகள் 'ஓ'வென்று கத்துவார்கள். லோணாவளா தாண்டியதும் பெரியவர்கள் படுக்கையை விரித்துவிடுவார்கள். அதற்கப்புறம் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற பள்ளத்தாக்கைப் பார்க்கிறவர்கள் குறைவு. இரண்டாயிரம் வருஷத்துச் சரித்திரம் இரண்டு பக்க மலைகளிலும் திறந்து கிடக்கிறது. அதைக் காலால் படிப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் புணேக்கு வந்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது. பணி ஓய்வுக்குப் பிறகு நாலைந்து குடும்பங்களாகச் சேர்ந்து, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்தப் பக்கம் நடக்கிறோம். மலையேற்றம் என்று யாரும் பயப்பட வேண்டாம். எங்கள் கூட்டத்தில் மூத்தவருக்கு வயது 74. இளையவள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். முழங்கால் வலிக்காரர்கள் இரண்டு பேர் உண்டு. ஒரு நாளைக்கு ஐந்தாறு கிலோமீட்டர், நடுவில் புளியோதரை, சாயங்காலம் வீடு. அவ்வளவுதான்.

பள்ளத்தாக்கின் அமைப்பு

சஹ்யாத்ரி என்று இங்கே சொல்வது நம் மேற்குத் தொடர்ச்சி மலையைத்தான். அதன் உச்சியை ஒட்டி, லோணாவளாவுக்குப் பக்கத்தில் பிறக்கிறது இந்திராயணி ஆறு. அரபிக் கடல் கூப்பிடு தூரம் மாதிரித்தான். ஆனாலும் ஆறு அந்தப் பக்கம் போவதில்லை. கிழக்கே திரும்பி, துகாராம் வாழ்ந்த தேஹூ, ஞானேஸ்வரர் சமாதி கொண்ட ஆளந்தி ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு போய் பீமாவில் கலக்கிறது. பீமா கிருஷ்ணாவில் சேர்கிறது. கிருஷ்ணா வங்காள விரிகுடாவுக்குப் போகிறது. லோணாவளாவில் பெய்கிற மழை ஆந்திரக் கரை வரைக்கும் நடக்கிறது என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

இந்தப் பகுதிக்கு மாவள் என்று பெயர். சிவாஜியின் படையில் பேர்பெற்ற மாவளே வீரர்கள் மாவள் எனப்பட்ட இந்த மலைப் பள்ளத்தாக்குகளைச் சேர்ந்தவர்கள். கீழே நெல் வயல். இங்கே கடைகளில் வாங்குகிறோமே இந்திராயணி அரிசி, அதற்கு இந்த ஆற்றின் பெயர்தான். வாசனைக்குப் பேர்போன அம்பேமோகர் ரகத்தின் வழி வந்தது அது.

மலைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். படிப்படியாக, அடுக்கி வைத்த தோசை மாதிரி இருக்கும். சுமார் 6.6 கோடி வருஷங்களுக்கு முன் பூமி பிளந்து எரிமலைக் குழம்பு திரும்பத் திரும்ப வழிந்தோடி, ஒவ்வொரு தடவையும் ஓர் அடுக்காக உறைந்தது. இப்படி உண்டான கருங்கல்லைத்தான் பசால்ட் என்கிறார்கள். அடுக்குகளில் சில கெட்டி, சில இளசு. இளசு தேய்ந்து சரிவாகிறது. கெட்டி செங்குத்தாக நிற்கிறது. சரிவில் ஊரும் வயலும் வந்தன. செங்குத்துப் பாறையில் குகைகளைக் குடைந்தார்கள். உச்சித் தட்டில் கோட்டை கட்டினார்கள். இந்த மூன்று மட்டங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், பாதி சரித்திரம் தானாகப் புரிந்துவிடும்.

முதல் நடை: பாஜே

புணேயிலிருந்து லோணாவளா போகும் லோக்கல் வண்டியில், லோணாவளாவுக்கு முந்தின ஸ்டேஷன் மளவ்லி. அங்கே இறங்கித் தெற்கே நடந்தால் விரைவுச் சாலையைக் கடந்து பாஜே கிராமம். இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். கிராமத்திலிருந்து படிகள், நின்று நின்று ஏறினால் யாருக்கும் சிரமம் இல்லை.

இங்கே 22 குடைவரைகள் இருக்கின்றன. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் தொடங்கிய வேலை. நடுவிலுள்ள பெரிய மண்டபத்தைச் சைத்தியம் என்பார்கள். பௌத்தர்கள் கூடி வழிபடும் இடம். உள்ளே தூண்கள் நேராக நிற்காமல் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். முதல் தடவை போனபோது எங்கள் கூட்டத்துப் பெரியம்மா ஒருவர், "என்னப்பா இது, விழுந்துடப் போகுது" என்று வாசலிலேயே நின்றுவிட்டார். விழாது. அதற்கு முன்பு இப்படிப்பட்ட மண்டபங்களை மரத்தால் கட்டிக்கொண்டிருந்தார்கள். மரக் கூரையின் பாரம் தூண்களை வெளியே தள்ளும். அதைத் தாங்கத் தூணைச் சாய்த்து நடுவார்கள். பாறையைக் குடையும்போது அந்தத் தேவை கிடையாது. ஆனாலும் பழகின கை பழகின வழியிலேயே போயிருக்கிறது. மரத்துக்குரிய வேலையைக் கல்லிலும் செய்துவிட்டார்கள்.

சற்றுத் தள்ளி 14 ஸ்தூபிகள் ஒரே கூட்டமாக இருக்கின்றன. மறைந்த துறவிகளின் நினைவாக எழுப்பியவை. இன்னும் தள்ளி, தெற்குக் கோடியில், சூரியன் தேர் ஏறி வருவதும் இந்திரன் யானைமேல் வருவதும் என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்ளும் சிற்பங்கள் உண்டு. அதை விட்டுவிடாதீர்கள், மண்டபத்தோடு திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

துறவிகளுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். இரண்டு காரணம். கல்யாண், சோபாரா போன்ற துறைமுகங்களிலிருந்து தக்காணத்துக்குள் போகிற வணிகப் பாதை இந்தக் கணவாய் வழியாக ஏறிற்று. போகிற வருகிற வணிகர்கள் தானம் கொடுத்தார்கள். இன்னொன்று மழை. பௌத்தத் துறவிகள் ஊர் ஊராக நடக்க வேண்டியவர்கள். மழைக்காலத்தில் மட்டும் ஓரிடத்தில் தங்கலாம் என்பது விதி. லோணாவளாவில் வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அநேகமாக முழுவதும் ஜூன் முதல் செப்டம்பருக்குள். அந்த மழையில் ஒழுகாத கூரை வேண்டுமென்றால் மலையையே கூரையாக்கிக்கொள்வதுதான் வழி. குகைகளுக்குப் பக்கத்தில் பாறையில் வெட்டிய தண்ணீர்த் தொட்டிகளையும் பாருங்கள். மழைத் தண்ணீரைக் கோடைக்குச் சேர்த்து வைத்தவை.

இரண்டாம் நடை: கார்லே

மளவ்லி ஸ்டேஷனுக்கு வடக்கே எதிர்மலையில் இருப்பது கார்லே. அடிவாரம் வரை ஆட்டோ கிடைக்கும். பிறகு சில நூறு படிகள். வாசலிலேயே ஏக்வீரா தேவி கோயில். மும்பைக் கோளி மீனவர்களுக்குக் குலதெய்வம். சித்திரைத் திருவிழாவில் நிற்க இடம் இருக்காது; அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சைத்தியம் இந்தியாவிலேயே பெரிய குடைவரைச் சைத்திய மண்டபம். நீளம் ஏறத்தாழ 124 அடி. மொத்தம் 37 தூண்கள். மேலே அண்ணாந்து பார்த்தால் வளைவு வளைவாக மர விட்டங்கள் தெரியும். பழங்காலத்துத் தேக்கு மரம். பாறைக் கூரைக்கு மர விட்டம் எதற்கு என்று நம் கூட்டத்து எஞ்சினியர் கேட்டார். எதற்குமில்லை, பழக்கத்துக்கும் அழகுக்கும்தான். பாஜேயில் பார்த்த அதே கதை.

என்னை இங்கே திரும்பத் திரும்ப இழுப்பது தூண்களில் உள்ள எழுத்துக்கள். பிராமி எழுத்து, பிராகிருத மொழி. நம் ஊர்க் கோயில்களில் டியூப் லைட்டில் பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு 'உபயம்: இன்னார், இன்ன கடை, இன்ன ஊர்' என்று எழுதியிருக்குமே, அதேதான். மண்டபத்தையே கொடுத்தவர் வைஜயந்தி ஊர்ச் செட்டி பூதபாலர். வைஜயந்தி என்பது இன்றைய கர்நாடகத்து வனவாசி. ஜம்புத்தீவிலேயே சிறந்த கல்மாளிகை இது என்று அவர் பெருமையாக எழுதி வைத்திருக்கிறார். தேனுகாகடம் என்ற ஊரிலிருந்து வந்தவர்கள் தூண் தூணாக உபயம் செய்திருக்கிறார்கள். அவர்களில் பலர் தங்களை யவனர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். சங்கப் பாடல்களில் மதுவும் விளக்கும் கொண்டுவருகிற அதே யவனர்! வாசல் வேலை செய்த தச்சர் தன் பெயரையும் அப்பா பெயரையும் எழுதியிருக்கிறார். வாசனைப் பொருள் வியாபாரி ஒருவர் பெயரும் இருக்கிறது. அந்தத் தேனுகாகடம் இன்றைக்கு எந்த ஊர் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் மலையிலும் ஏறக்குறைய இந்தக் காலத்தை ஒட்டியோ சற்று முன்போ வெட்டிய தமிழ் பிராமிக் கல்வெட்டுக்கள் உண்டு. அங்கே சமணத் துறவிகளுக்குக் கற்படுக்கை. வெள்ளறை ஊர் வணிகக் குழுவினர் கொடுத்தது. இரண்டும் ஒரே எழுத்துக் குடும்பம். இரண்டிலும் துறவிக்குத் தங்க இடமும் வணிகரின் பெயரும் இருக்கின்றன. சாதவாகன அரசர்கள் வெளியிட்ட சில வெள்ளிக் காசுகளில் ஒரு பக்கம் பிராகிருதமும் மறுபக்கம் தமிழை ஒத்த தென்மொழியும் இருப்பதைக் காசு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்தச் சாதவாகனரின் கல்வெட்டும் கார்லேயில் உண்டு. ஆக, இந்த மலையும் நம் மலையும் ஒன்றுக்கொன்று அந்நியம் இல்லை.

இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அந்த இரண்டாம் வகுப்புக்காரி தன் தாத்தாவின் சட்டையை இழுத்து, "தாத்தா, நம்ம பேரு எங்க எழுதியிருக்கு?" என்றாள். பள்ளிக்கூடத்தில் 'உன் சொந்த ஊர் எது' என்று படிவம் கொடுத்திருந்தார்கள்; பிறந்த புணேயை எழுதுவதா, பார்த்தே இராத தாத்தா ஊரை எழுதுவதா என்று வீட்டில் ஒரு வாரமாக விவாதம். தாத்தா பதில் சொல்லாமல் தூணையே பார்த்துக்கொண்டு நின்றார். பாட்டிதான், "இங்க வந்து மூணு நாள் வரிசைல நின்னு ரேஷன் கார்டுல பேரு எழுதினோமேடி கண்ணு, அதான் நம்ம கல்வெட்டு" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

சிரிப்பு அடங்கினபிறகு யோசித்துப் பார்த்தேன். அந்தத் தூண்களில் பெயர் எழுதினவர்களில் பலர் உள்ளூர்க்காரர் இல்லை. வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். சொந்த ஊர்ப் பெயரையும் மறைக்கவில்லை. வந்த இடத்துக்கும் ஏதோ கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஊர் இரண்டாக இருப்பது அவர்களுக்கு ஒரு சங்கடமாகத் தோன்றியதாகத் தெரியவில்லை. அந்தப் படிவத்தில் கடைசியில் இரண்டு ஊரையும் எழுதினார்களாம். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நடை: லோஹகட்

இது மட்டும் கொஞ்சம் பெரிய நடை. பாஜேயிலிருந்து சாலை வளைந்து வளைந்து காய்முக் கணவாய்க்கு ஏறுகிறது. வலது கைப்பக்கம் லோஹகட், அதாவது இரும்புக் கோட்டை. இடது கைப்பக்கம் விசாபூர். முடியாதவர்கள் வண்டியிலேயே அடிவாரக் கிராமமான லோஹகட்வாடி வரை போய், கோட்டைப் படிகளை மட்டும் ஏறலாம். படிகள் அகலமானவை. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு வாசல்கள்: கணேஷ், நாராயண், அனுமான், மகா தர்வாஜா. முதல் வாசலுக்கு நேரே நின்றால் அடுத்த வாசல் தெரியாது. எதிரி வேகமாக ஓடி வர முடியாதபடி வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். நமக்கும் அந்த வளைவுகள் உட்கார்ந்து மூச்சு வாங்க உதவுகின்றன.

சிவாஜி 1648-இல் இந்தக் கோட்டையைப் பிடித்தார். 1665-இல் புரந்தர் உடன்படிக்கைப்படி முகலாயருக்கு விட்டுக்கொடுத்து, 1670-இல் மறுபடி மீட்டார். மேலே மேற்குப் பக்கமாக ஒரு நீண்ட பாறை முதுகு நீட்டிக்கொண்டிருக்கும். தேள் கொடுக்கு மாதிரி இருப்பதால் விஞ்சுகாட்டா என்று பெயர். கீழே தெற்கில் பவனா நீர்த்தேக்கம். அதற்கு அப்பால் துங், திகோனா கோட்டைகள்.

எதிரே நிற்கும் விசாபூர் லோஹகட்டைவிட உயரம். இதுதான் லோஹகட்டின் பலவீனம். 1818-இல் ஆங்கிலேயர் முதலில் விசாபூரைப் பிடித்தார்கள். மேலேயிருந்து பீரங்கி பார்த்துக்கொண்டிருக்கும்போது கீழே இருக்கிற கோட்டை எத்தனை நாள் தாங்கும்? லோஹகட்டும் விழுந்தது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டிய ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், லோஹகட் அவற்றில் ஒன்று. பன்னிரண்டாவது நம் செஞ்சி! 1677-இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். பிறகு அவர் மகன் ராஜாராம், முகலாயர் துரத்த, அங்கே போய்த் தங்கி ஆட்சி நடத்தினார். பல வருஷ முற்றுகைக்குப் பிறகு 1698-இல்தான் கோட்டை முகலாயர் கைக்குப் போயிற்று. இங்கிருந்து அங்கே போனவர்கள், அங்கிருந்து இங்கே வந்த நாம். திண்டிவனம் பக்கத்துக்காரர் ஒருவர் எங்களோடு வருவார். லோஹகட் உச்சியில் நின்று, "எங்க ஊர்க் கோட்டைக்கு இது அண்ணன் தம்பி" என்று மராத்திப் பையன்களிடம் அரைகுறை மராத்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களும் செஞ்சிக்கு வழி கேட்டுக்கொண்டார்கள்.

நான்காம் நடை: பேட்சே

மளவ்லிக்கு அடுத்த காம்ஷேத் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து பேட்சே கிராமம் போகலாம். சுமார் 400 படி. கூட்டம் இல்லாத இடம். முகப்புத் தூண்களின் உச்சியில் குதிரை, யானை, மாடுகளின்மேல் ஆணும் பெண்ணும் ஜோடியாக அமர்ந்திருக்கும் அழகுக்காகவே போகலாம். ஒரு நுணுக்கம்: கார்லே, பாஜே மண்டபங்கள் மேற்குப் பார்த்தவை; பிற்பகல் வெயில்தான் உள்ளே போகும். பேட்சே கிழக்குப் பார்த்தது; காலையில் போங்கள்.

ரயில் ஏறிய கதை

நடக்கும்போது ரயில் சத்தம் விடாமல் கேட்கும். கீழே கொங்கணத்திலிருந்து லோணாவளாவுக்கு ஏறுகிற மலைப்பாதைக்குப் போர் காட் என்று பெயர். சண்டைப் போர் அல்ல, பெயரே அப்படி. இந்த ரயில் பாதை வேலை 1856-இல் தொடங்கி 1863-இல் முடிந்தது. ஏற்றம் சுமார் 1,800 அடி. 37 அடி போனால் ஓர் அடி உயர்கிற சரிவு. இன்றைக்கும் பின்னாலிருந்து தள்ள உபரி என்ஜின்கள் இல்லாமல் நம் வண்டிகள் ஏறுவதில்லை. அந்நாளில் நடுவழியில் திரும்ப இடமில்லாத ஒரு பாறை முனையில் வண்டியை நிறுத்தி, என்ஜினை மறுகோடியில் மாட்டி, எதிர்த்திசையில் ஏற்றினார்கள். 1929-இல் அது கைவிடப்பட்டது.

ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல் 1859-இல் வந்த சில வாரங்களிலேயே நோயில் இறந்துபோனார். அவர் மனைவி ஆலிஸ் ஒப்பந்தத்தைத் தன் பெயரில் ஏற்று, பொறியாளர்களை அமர்த்தி வேலையை முடித்தார். உச்சக் கட்டத்தில் 40,000 பேருக்கு மேல் இங்கே வேலை செய்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வெடி விபத்திலும் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். அவர்கள் பெயரை யாரும் எந்தத் தூணிலும் எழுதவில்லை. 1871-இல் இந்தப் பக்கத்துப் பாதையும் சென்னைப் பக்கத்துப் பாதையும் ராய்ச்சூரில் ஒன்றாய்ச் சேர்ந்தன. நம் பாட்டன்மார் பம்பாய் வந்தது அந்தத் தண்டவாளத்தில்தான். அடுத்த தடவை சுரங்கத்துக்குள் வண்டி நுழையும்போது பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

எப்போது, எப்படி?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை மிக நல்ல காலம். மே மாதத்தில் வெயில் கடுமை. ஆனால் புதர்களில் களாப்பழம் பழுத்திருக்கும். இங்கே கரவந்தா என்று இலைத் தொன்னையில் வைத்து விற்பார்கள். நாவல் பழம் ஜூனில்.

மழைக்காலத்தில் மலை பச்சைப் பட்டு உடுத்தின மாதிரி இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் குழு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் போவதில்லை. 2024 ஜூன் 30 அன்று லோணாவளா பூசி அணைக்குப் பின்னாலுள்ள அருவியில், நின்றுகொண்டிருந்த ஒரே குடும்பத்தைத் திடீர் வெள்ளம் அடித்துக்கொண்டு போய் ஐந்து பேர் இறந்தார்கள். 2025 ஜூன் 15 அன்று தளேகாவ் பக்கம் குண்ட்மளாவில் இந்திராயணிமேல் இருந்த பழைய இரும்புப் பாலம், கூட்டம் ஏறியதால் இடிந்து நான்கு பேர் போனார்கள். இரண்டு சம்பவத்திலும் இறந்தவர்கள் நம்மைப்போல விடுமுறை நாளுக்கு வந்த சாதாரண ஜனங்கள். மேலே மலையில் பெய்கிற மழை கீழே நிற்கிற நமக்குத் தெரியாது; தண்ணீர் கணுக்காலிலிருந்து இடுப்புக்கு ஏறச் சில நிமிஷம் போதும். அருவிக்குக் கீழே, அணைக்குப் பின்னால், பழைய பாலத்தின்மேல் போட்டோவுக்காக நிற்கவே கூடாது. பிள்ளைகள் அடம் பிடித்தாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மற்றபடி சில யோசனைகள்:

காலை லோக்கல் வண்டியில் கிளம்புங்கள். மதியத்தில் வண்டி குறைவு. திரும்புகிற நேரத்தைப் போகும்போதே பார்த்துவிடுங்கள்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். கோட்டையில் உள்ள பாறைத் தொட்டித் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

அடியில் பிடிப்புள்ள காலணி போடுங்கள். பசால்ட் படிகள் தேய்ந்து வழுக்கும். இறங்குவதுதான் முழங்காலுக்குச் சோதனை. ஒரு கைத்தடி இருந்தால் பாதி பாரம் குறையும்.

மெதுவாக நடக்கிறவரை முன்னால் விடுங்கள். கூட்டம் அவர் வேகத்தில் போகட்டும். இது எங்கள் குழுவின் ஒரே சட்டம்.

சாப்பாட்டைக் கிராமத்திலேயே வாங்கலாம். பாஜேயிலும் லோஹகட்வாடியிலும் முன்கூட்டிச் சொன்னால் வீடுகளில் பாக்ரி, பிட்லா செய்து தருவார்கள். காசு அந்த ஊருக்கே போகும்.

சுவரில் பெயர் கிறுக்காதீர்கள். தூணில் பெயர் எழுதினவர்கள் அந்தத் தூணையே கொடுத்தவர்கள்.

தமிழ்நாட்டுக்கு வருஷத்தில் ஒரு தடவை போய் மகாபலிபுரமும் தஞ்சாவூரும் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். மிகவும் நல்லது, விடாமல் செய்ய வேண்டும். மீதி ஐம்பத்தொரு வாரம் நாம் வாழ்கிற மண்ணும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்களோடு நடக்கிற பிள்ளைகள் இப்போது மராத்திப் பாடப் புத்தகத்தில் லோஹகட் என்று வந்தால் 'நான் ஏறியிருக்கேன்' என்கிறார்கள். சென்ற மாதம் பேட்சேயில், வழி தெரியாமல் நின்ற ஒரு புணேக் குடும்பத்துக்கு நம் பையன் ஒருவன் மராத்தியில் வழி சொல்லி, கிழக்குப் பார்த்த மண்டபம், காலையிலேயே பார்த்துவிடுங்கள் என்றும் சேர்த்துச் சொன்னான். அவர்கள் அவனைப் பார்த்து, "நீ இந்த ஊர்ப் பையனா?" என்று கேட்டார்கள். அவன் யோசிக்கவே இல்லை. "ஆமாம், திருநெல்வேலியும்தான்" என்றான்.

டிசம்பர் மாத நடை பாஜேக்கு. புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் சுலபம். வர விருப்பமுள்ள அன்பர்கள் சங்கத்தில் சொல்லிவையுங்கள். புளியோதரைக்குக் கணக்கு வேண்டும்.